ஒலிக்கு உரைகல் எது?

பொன்னின் மாற்றை அறியப் பொற்கொல்லன் உரைகல்லை நாடுகிறான். நெல்லின் பதத்தை அறிய உழவன் ஒரு மணியைப் பல்லிலிட்டுக் கடித்துப் பார்க்கிறான். ஆனால், இசையை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கருவியின் தரத்தை அறிய எதனை உரைகல்லாகக் கொள்வது? அளவுகருவியையா? அன்றிச் செவியையா? எளிதாகத் தோன்றும் இவ்வினாவைச் சுற்றி மேலைநாடுகளில் நூறாண்டுக்கு மேலாக ஒரு வழக்கு நடந்து வந்திருக்கிறது. பொறியியலாளரும் வணிகரும் இசை அன்பரும் மாறி மாறிச் சாட்சி சொன்ன அவ்வழக்கின் வரலாறு, ஒரு கருவியின் வரலாறு மாத்திரமன்று; மனிதன் தன் புலன்களை எவ்வளவுக்கு நம்பலாம் என்பதன் வரலாறுமாகும்.

வழக்கின் நடுவே நிற்பது ஆங்கிலத்தில் 'அம்பிளிபயர்' என வழங்கும் விரியலாக்கி. இசைத்தட்டின் நெளிந்த சாலினூடாக ஊசி செல்லும்போது பிறக்கும் மின் மிக மெலிந்தது. ஒலிபெருக்கியின் கூம்பை அசைக்கும் ஆற்றல் அதற்கில்லை. அம்மெலிந்த மின்னை அதன் வடிவம் சிதையாமற் பன்மடங்கு பெருப்பித்துக் கொடுப்பதே விரியலாக்கியின் தொழில். சிறிய புகைப்படத்தைப் பெரிதாக்குபவன் முகத்தைப் பெரிதாக்கலாம், மூக்கை மாற்றலாகாது. அதுபோலவே நல்ல விரியலாக்கி தன்னிடத்திலிருந்து எதனையும் சேர்க்கவும் கூடாது. வந்ததில் எதனையும் விடவும் கூடாது. அங்ஙனமாயின், குறையற்ற இரண்டு விரியலாக்கிகள் ஒரே விதமாகவே ஒலிக்க வேண்டும். ஆயினும், ஒன்று இருநூறு டொலருக்கும் மற்றொன்று பன்னீராயிரம் டொலருக்கும் விற்கப்படுவதும், இசை அன்பர் பலர் கூடி அவற்றை மாற்றி மாற்றிக் கேட்டு, இதில் வயலின் இனிக்கிறது, அதில் குரல் வரள்கிறது என்று வாதிடுவதும் ஏன்?

ஒலியை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கம் விரியலாக்கிக்கு முந்தியது. தோமஸ் எடிசனின் நிறுவனம் 1915 ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் அமெரிக்க நகரங்களிற் பல ஒப்புநோக்குக் கச்சேரிகளை நடாத்தியது. மேடையிற் பாடகி நிற்பார். பக்கத்தே பாட்டுப்பெட்டி இருக்கும். பாடகி பாடிக்கொண்டிருக்கையில் விளக்குகள் அணையும். மீண்டும் விளக்கெரியும்போது பாடகி அங்கிருக்கமாட்டார். பெட்டி மட்டும் பாடிக்கொண்டிருக்கும். 1916 இல் நியூயோர்க் நகரின் கார்னகி மண்டபத்திலே மேரி றப்போல்ட் என்னும் பாடகி இவ்வாறு பாடினார். சபையோர் வியந்தனர். எனினும், இக்கச்சேரிகளிற் பங்குபற்றிய அன்னா கேஸ் என்னும் பாடகி, தாம் பெட்டியின் குரலுக்கு இசையத் தமது குரலை அமைத்துப் பாடியதைப் பிற்காலத்தில் ஒத்துக்கொண்டார். கருவி மனிதக் குரலைப் போலப் பாடவில்லை. மனிதக் குரலே கருவியைப் போலப் பாடிற்று. ஒப்பிடுதல் என்பது நேர்மையாக நடைபெறாவிடின் எதனையும் மெய்ப்பிக்கமாட்டாது என்பதற்கு இதுவே முதற் பாடமாயிற்று.

மின்னைப் பெருப்பிக்கும் வழியை உலகுக்குத் திறந்தது வால்வு. அமெரிக்கரான லீ டி பொறெஸ்ற் 1906 ஆம் ஆண்டில் அமைத்த மூன்று முனை கொண்ட வால்வே பிற்கால விரியலாக்கிகள் யாவற்றுக்கும் தாயாயிற்று. ஆனால், வால்வு பெருப்பித்த மின் சிறிது கோணியே வந்தது. தொலைபேசிக் கம்பிகள் நெடுந்தூரம் செல்லும்போது வழியில் விரியலாக்கிகள் பலவற்றைத் தொடராக வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாகச் சேர்ந்த திரிபு இறுதியிற் பேச்சையே விழுங்கிற்று. பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹரோல்ட் பிளாக் என்னும் இளைஞர் இதற்கு மருந்து தேடிப் பல ஆண்டுகள் உழன்றார். 1927 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 2 ஆம் திகதி காலை, வேலைக்குச் செல்லும் வழியில், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் நின்றபோது விடை அவர் மனத்தில் உதித்தது. கையிலிருந்த செய்தித்தாளின் பக்கமொன்றிலேயே படத்தை வரைந்து கையொப்பமிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 29.

அவர் கண்ட விடை வியப்புக்குரியது. விரியலாக்கியிலிருந்து வெளிவருவதில் ஒரு சிறு பகுதியைத் திருப்பிக் கொணர்ந்து, உள்ளே புகுவதோடு ஒப்பிட்டு, வேறுபாட்டைக் கழித்துவிடுதல் என்பதே அது. ஆசிரியர் எழுதிய முதல் வரியைப் பார்த்துப் பார்த்துத் தன் கையெழுத்தை உடனுக்குடன் திருத்தும் மாணவனைப் போல, விரியலாக்கி தன் பிழையைத் தானே திருத்திக் கொள்கிறது. பெருக்கத்தில் ஒரு பகுதியை இழந்து மெய்ம்மையை ஈட்டுகிறது. அரும்பாடுபட்டுப் பெற்ற பெருக்கத்தை வேண்டுமென்றே இழப்பதா என்று அறிஞர் பலர் ஐயுற்றனர். 1928 இல் விண்ணப்பித்த காப்புரிமை அவர் கைக்குக் கிடைக்க ஒன்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று.

தொலைபேசிக்கெனப் பிறந்த இம்முறை வீட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது இரண்டாம் உலகப்போர் முடிந்த பின்னரே. 1945 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஹரோல்ட் லீக் என்பவர், ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே திரிபுடைய விரியலாக்கியொன்றை விளம்பரப்படுத்தினார். நூற்றுக்குப் புள்ளி ஒன்று என்னும் அவ்வளவையே அதற்குப் பெயராகவும் சூட்டினார். ஒரு கருவியின் மேன்மையை ஓர் எண்ணாற் சொல்லும் காலம் இவ்வாறு தொடங்கிற்று.

இரண்டாண்டுகளின் பின்னர், 1947 ஏப்பிரல், மே மாதங்களில், 'வயர்லெஸ் வேர்ல்ட்' என்னும் ஆங்கில சஞ்சிகை டி. ரீ. என். வில்லியம்சன் என்பாரின் கட்டுரையொன்றை வெளியிட்டது. அவர் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்தவர், வயது 24. 15 உவாற்று ஆற்றலும், ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த திரிபும் உடைய விரியலாக்கி ஒன்றின் அமைப்பு முழுவதையும், ஒன்றையும் ஒளியாமல், அக்கட்டுரையில் அவர் விளக்கியிருந்தார். எந்த வால்வு, எந்த அளவுத் தடை, நிலைமாற்றியைச் சுற்றும் முறை யாது என்பவை யாவும் அங்கே இருந்தன. காசு கொடுத்து வாங்கும் வசதியில்லாதவனும் கைத்திறன் இருந்தால் உலகின் மிகச் சிறந்த விரியலாக்கியைத் தன் வீட்டு மேசையிலே கட்டி முடிக்கலாமென்ற நிலை உண்டாயிற்று. அமெரிக்காவில் 1949 ஆம் ஆண்டு அதனைத் தம் நாட்டு வால்வுகளுக்கு ஏற்ப மாற்றி வெளியிட்ட இருவருள் ஒருவரான டேவிட் சார்சர், தொஸ்கானினியின் வாத்தியக் குழுவில் வயலின் வாசித்தவர். நாள்தோறும் மெய்யான இசையின் நடுவே அமர்ந்திருந்த ஒருவர் இதனை ஏற்றுக்கொண்டமை எண்ணத்தக்கது.

நல்ல பொருள் ஒன்று தோன்றினால் அதனை விஞ்சியது தன்னுடையதே என்று சொல்வார் பலர் தோன்றுவது உலக இயல்பு. அமெரிக்காவில் ஹாப்லர், கெறோஸ் என்னும் இருவர் 1951 இல் வேறொரு இணைப்பு முறையை முன்வைத்தனர்; பிறரும் தத்தம் புதுமைகளைப் பறைசாற்றினர். இவ்வுரிமைக் கோரிக்கைகளை ஆராய்ந்து 1952 இல் வில்லியம்சனும் பீற்றர் வாக்கரும் சேர்ந்து அதே சஞ்சிகையிற் கட்டுரையொன்று எழுதினர். விரியலாக்கிகளும் மிகைச்சொற்களும் என்பது அதன் தலைப்பின் பொருள். வாக்கர், 1936 இல் தொடங்கிய தமது நிறுவனத்தில் 'குவாட்' என்னும் பெயருடைய விரியலாக்கிகளைச் செய்தவர். அவருடைய புகழ்பெற்ற இரண்டாம் குவாட் 1953 இல் வெளிவந்தது. போட்டியில் நிற்கும் வணிகர் ஒருவரே மிகைச்சொல்லுக்கு எதிராக எழுதினார் என்பதை நினைவில் வைத்தல் வேண்டும். இவ்வரலாற்றில் அவர் மீண்டும் வருவார்.

1954 நவம்பர் முதலாந் திகதி இலண்டன் ரோயல் பெஸ்ரிவல் மண்டபத்திலே ஒரு புதுமை நிகழ்ந்தது. ஒலிபெருக்கி செய்பவரான கில்பேட் பிறிக்ஸ் என்பார், வாக்கரைத் துணையாகக் கொண்டு, மெய்யான வாத்தியங்களையும் அவற்றின் ஒலிப்பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பித்தார். வீட்டுப் பாவனைக்கென அமைந்த குவாட் விரியலாக்கிகள் அப்பெருமண்டபத்தை நிரப்பின. 1955 ஒக்டோபரில் அதே ஒப்புநோக்கு நியூயோர்க் கார்னகி மண்டபத்திலும் நடைபெற்றது. நாற்பதாண்டுகளுக்கு முன்னர் எடிசனின் பெட்டி பாடிய அதே மண்டபம் அது. ஆனால், இம்முறை கருவிக்கேற்பக் குரலை மாற்ற வேண்டிய தேவை குறைந்திருந்தது. வால்வு விரியலாக்கியின் பொற்காலம் இது.

காலச்சக்கரம் சுழன்றது. 1958 இல் ஸ்ரீரியோ எனப்படும் ஈரொலி இசைத்தட்டுகள் பரவத் தொடங்கின. அதனால் ஒரு வீட்டுக்கு ஒரு விரியலாக்கி போதாது, இரண்டு வேண்டுமென்றாயிற்று. வால்வுகள் அடுப்பைப் போலச் சூடேறின. நிலைமாற்றிகளோ பாறாங்கற்களைப் போலக் கனத்தன. 1947 டிசம்பரில் பெல் ஆய்வுகூடத்திற் பிறந்த திரான்சிற்றர் அப்பொழுது கைகொடுத்தது. அது சிறியது, சூடு குறைந்தது, கனத்த நிலைமாற்றியை வேண்டாதது. அளவுகருவியும் அதற்குச் சாதகமாகவே சாட்சி சொல்லிற்று. ஆனால், இசை அன்பர் சிலர் முகஞ்சுளித்தனர். ஒலியில் ஏதோ ஒரு கரகரப்பு, நெடுநேரம் கேட்டாற் செவிக்கு ஓர் அலுப்பு என்று அவர்கள் முறையிட்டனர். பழைமையில் ஊறியவர்களின் புலம்பல் என்று பொறியியலாளர் பலர் அதனை ஒதுக்கினர்.

ஒதுக்கியவர்களே பிழைபட்டார்கள். அக்காலத் திரான்சிற்றர் விரியலாக்கியில் ஒலியலையின் மேற்பாதியை ஒரு திரான்சிற்றரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் ஏற்று நடத்தின. ஓருரலில் இருவர் மாறி மாறி உலக்கை போடும்போது, ஒருவர் கை எடுக்குமுன்னோ பின்னோ மற்றவர் கை விழுந்தால் தாளம் தவறும் அல்லவா? அதுபோல, ஒன்று விட மற்றொன்று ஏற்கும் இடத்தில் அலையிலே ஒரு சிறு வடு விழுந்தது. பேரொலி எழும்போது அவ்வடு அதன் பெருமைக்குள் மறைந்தது. மெல்லிசையிலோ வெள்ளைத் துணியிற் கறைபோல வெளிப்பட்டது. அளவெடுத்தவர்கள் பெரும்பாலும் முழு ஆற்றலில் அளந்து ஓர் எண்ணைச் சொன்னார்கள். கேட்டவர்களோ வீட்டில் மெல்லக் கேட்டார்கள். எண் பொய் சொல்லவில்லை. கேட்கவேண்டிய கேள்வியை எவரும் அதனிடம் கேட்கவில்லை. குறையை முதலிற் கண்டது செவி. பின்னரே மீற்றர் அதனைப் பின்தொடர்ந்தது. வாக்கர் அவசரப்படாது காத்திருந்து, இவ்வடுவை அடக்கும் வழியோடு 1967 இலேயே தமது 303 என்னும் திரான்சிற்றர் விரியலாக்கியை வெளியிட்டார்.

செவிக்குக் கிடைத்த இவ்வெற்றியின் பின்னர் எண்களின் மீதிருந்த நம்பிக்கை தளர்ந்தது. தளர்வதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஒருகணம் மட்டும் தாங்கக்கூடிய ஆற்றலைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு விற்ற வணிகர் பலர். இதனைக் கட்டுப்படுத்த அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு 1974 இல் விதி செய்யவேண்டியதாயிற்று. தொடர்ந்து தரக்கூடிய ஆற்றல் எவ்வளவு, அப்போதுள்ள திரிபு எவ்வளவு என்பவற்றைச் சேர்த்தே சொல்ல வேண்டுமென அவ்விதி பணித்தது. அதற்கு முன்னரே, 1970 இல், பின்லாந்து நாட்டவரான மற்றி ஓற்றாலா, திரிபை எண்ணளவிற் குறைக்கும் ஆசையாற் பின்னூட்டலை மிகுதியாக்கினால், இசையின் திடீர் எழுச்சிகளை விரியலாக்கி பின்தொடரமாட்டாது தடுமாறக்கூடும் என்று காட்டினார். எண்ணிலே அழகாகவும் இசையிலே குறையாகவும் ஒரு கருவி இருத்தல் கூடும் என்பது அறிவியல் மொழியிலேயே சொல்லப்பட்டுவிட்டது.

இச்சூழலிலே செவியையே நீதிபதியாக அமர்த்திய சஞ்சிகைகள் வளர்ந்தன. 1962 இல் கோர்டன் ஹோல்ற் தொடங்கிய 'ஸ்ரீரியோபைல்', 1973 இல் ஹறி பியர்சன் தொடங்கிய 'அப்சொலூற் சவுண்ட்' ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. விளம்பரத்துக்கு அஞ்சாமற் கேட்டதைக் கேட்டபடி எழுதுவோம் என்பது அவற்றின் நோன்பு. அந்நோன்பு போற்றத்தக்கதே. ஆயினும், செவி கண்டதைச் சொல்ல மொழி போதாமையால், ஒலிக்கு ஆழம், வெம்மை, திரை விலகல் எனப் பார்வைக்கும் தொடுகைக்கும் உரிய சொற்கள் கடனாகப் பெறப்பட்டன. சொற்கள் பெருகப் பெருக விலைகளும் பெருகின. விலை பெருகியபோது ஐயமும் பிறந்தது: கேட்பது உண்மையிலேயே செவிதானா?

அவ்வையத்தைத் தீர்க்க முன்வந்தவர் மீண்டும் பீற்றர் வாக்கரே. அவரது நிறுவனத்தின் ஏற்பாட்டில் ஜேம்ஸ் மோயர் என்னும் ஆராய்ச்சியாளர் நடத்திய சோதனையின் முடிவு 1978 ஜூலை மாத 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியாயிற்று. 1953 இன் வால்வு விரியலாக்கி, 1967 இன் 303, 1975 இன் 405 ஆகிய மூன்றும், எது ஒலிக்கிறது என்று கேட்போருக்குத் தெரியாதவாறு, ஒலியளவைச் சமமாக்கி ஒப்பிடப்பட்டன. குழுவினரின் விடைகள் குருட்டாம்போக்காற் கிடைக்கக்கூடியவற்றிலிருந்து வேறுபடவில்லை. மூன்றும் வாக்கரின் சொந்தப் படைப்புகள். புதியது பழையதிலும் மேல் என்று சொல்லி விற்பதே வணிகனுக்கு இலாபம். அவரோ, நேரிய முறையிற் பயன்படுத்தினால் மூன்றையும் வேறுபடுத்திக் கேட்க இயலாது என்று தமது கடையின் வாசலிலேயே எழுதி வைத்ததற்கு ஒப்பாகச் செய்தார்.

1985 இல் அமெரிக்கரான பொப் காவர் மற்றொரு வழியைக் கையாண்டார். எந்த விலையுயர்ந்த விரியலாக்கியின் ஒலியையும் தமது மலிவான விரியலாக்கியிற் கொணர்ந்து காட்டுவதாக அவர் 'ஸ்ரீரியோபைல்' ஆசிரியர்களிடம் அறைகூவினார். இரண்டு விரியலாக்கிகளுக்கும் ஒரே இசையைக் கொடுத்து, ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதன் வெளியீட்டைக் கழித்தால் எஞ்சுவதே அவற்றின் வேறுபாடு. எஞ்சியதைக் கேட்டுக் கேட்டுச் சிறிது சிறிதாகத் தமது கருவியை அவர் திருத்தினார். இறுதியில் வேறுபாடு 70 தெசிபெல் கீழிறங்கிற்று. மூவாயிரத்தில் ஒரு பங்கு எனலாம். செவியே நீதிபதி என்று வாழ்ந்த அவ்வாசிரியர்கள் வேறுபாடு கேட்கவில்லையென ஒப்புக்கொண்டனர். கடைக்கு வந்த உருப்படிகள் அந்த ஒற்றுமையைக் காத்தனவா என்பதிற் பின்னர் பிணக்கு எழுந்தது உண்மை. ஆயினும், அந்த அறையில் நிகழ்ந்தது நிகழ்ந்ததே.

1987 ஜனவரியில் 'ஸ்ரீரியோ றிவியூ' என்னும் அமெரிக்க சஞ்சிகை இருபத்தைந்து பேரைக் கேட்கவைத்தது. அவர்களில் நம்பிக்கையாளரும் இருந்தனர், ஐயுறுவோரும் இருந்தனர். ஏறத்தாழ 220 டொலர் விலையுள்ள சாதாரண கருவி தொடக்கம் 12,000 டொலர் விலையுள்ள வால்வு விரியலாக்கி வரை அங்கே வைக்கப்பட்டன. கருவியின் பெயர் மறைக்கப்பட்டபோது, இரு சாராரின் தீர்ப்பும் நாணயத்தைச் சுண்டிப் போட்டுப் பெறும் விடைக்கு அண்மையிலேயே நின்றது.

அப்படியாயின் விரியலாக்கிகள் யாவும் ஒன்றேயென்று முடிவு கட்டலாமா? அதுவும் அவசரமே. ஒரு சோதனையில் வேறுபாடு கேட்கவில்லை என்பது வேறு. வேறுபாடு எங்குமே இல்லை என்பது வேறு. ஆற்றலுக்கு மேற்பட்டுச் செலுத்தப்பட்ட விரியலாக்கி அலையின் தலையை வெட்டிவிடும். அதனை எவரும் கேட்கலாம். பின்னூட்டலற்ற சில வால்வு விரியலாக்கிகள், ஒலிபெருக்கியின் தடங்கல் மீடிறனுக்கு மீடிறன் மாறுவதற்கேற்ப, இசையின் சில பகுதிகளை உயர்த்தியும் சிலவற்றைத் தாழ்த்தியும் தருகின்றன. அவற்றை விரும்புவோர் மெய்யாகவே ஒரு வேறுபாட்டைக் கேட்கின்றனர். அது மூலத்துக்கு மெய்யானதா, செவிக்கு இனிதானதா என்பதே வேறொரு வினா. இனிமையை விரும்புதல் குற்றமன்று. இனிமையை மெய்ம்மையென்று பெயர் மாற்றி விற்றலே குற்றம்.

செவி ஏன் இடறுகிறது என்பதற்கும் காரணங்கள் தெளிவாகியுள்ளன. இரண்டு கருவிகளுள் ஒன்று மயிரிழையளவு உரத்து ஒலித்தால், செவி அதனை உரத்தது என்று சொல்வதில்லை. தெளிந்தது, உயிருள்ளது என்று சொல்கிறது. இதனாலேயே ஒலியளவைச் சமமாக்காத எந்த ஒப்பீடும் பயனற்றதாகிறது. கண்ணின் குறுக்கீடு இதனினும் வலியது. 1994 இல் புளொயிட் ரூல், ஷோன் ஒலிவ் என்னும் ஆராய்ச்சியாளர் ஒலிபெருக்கிகளைக் கொண்டு இதனைக் காட்டினர். ஒரே மனிதர், ஒரே கருவிகள். திரைக்கு அப்பால் வைத்துக் கேட்டபோது சொன்ன தீர்ப்பும், கண்டு கேட்டபோது சொன்ன தீர்ப்பும் வேறாயின. அம்மனிதர் பொய்யர் அல்லர். பெட்டியின் பருமனும் பெயரின் புகழும் அவர்களை அறியாமலே செவிக்குள் புகுந்துவிட்டன.

ஆகவே, இந்நெடிய வழக்கில் இரு தரப்பும் ஒவ்வொரு முறை வென்றிருக்கின்றன. ஒவ்வொரு முறை தோற்றிருக்கின்றன. திரான்சிற்றரின் தொடக்க காலத்திற் செவியே மெய் சொல்லிற்று. மீற்றரை வைத்திருந்தோர் கேளாது விட்டனர். பின்னாளில் விலையும் விளம்பரமும் பேசியபோது, செவி தன் குரலென்று நம்பிப் பிறர் குரலைச் சொல்லிற்று. உரைகல்லில் எண்ணெய் படிந்திருந்தால் பொன்னின் நிறம் தெரியாது. அதற்காக எந்தப் பொற்கொல்லனும் கல்லை எறிந்துவிடுவதில்லை. துடைத்துவிட்டு மீண்டும் உரைக்கிறான். பெயரை மறைத்தலும், ஒலியளவைச் சமன்செய்தலும், ஒருமுறைக்குப் பலமுறை கேட்டலும் செவியென்னும் உரைகல்லைத் துடைக்கும் துணிகள்.

இவ்வழக்கில் இழப்பதற்கு மிகுதியும் உடையவன் செல்வன் அல்லன்; தன் மாதச் சம்பளத்திற் சிறிது சிறிதாக மிச்சம் பிடித்து, நல்ல இசையை நல்லபடி கேட்க ஆசைப்படும் எளிய அன்பனே. தன் செவி போதாது, தன் கருவி போதாது என்ற தாழ்வு அவன் மனத்திற் புகுத்தப்படுகிறது. 1947 இல் இருபத்துநாலு வயது இளைஞரொருவர் தம் அறிவையெல்லாம் ஒரு சஞ்சிகையின் சில பக்கங்களில் எவர்க்கும் பொதுவாக வைத்தபோது அளித்த வாக்குறுதி இன்றும் அந்த எளியவனுக்கு உரியது. செம்மையாகச் செய்யப்பட்டு, ஆற்றலுக்குள் இயங்கும் எளிய விரியலாக்கியொன்று அவன் வீட்டில் இருக்குமாயின், எஞ்சிய பணத்தை அவன் நல்ல ஒலிபெருக்கிக்கும் இசைத்தட்டுக்கும் செலவிடலாம். எஞ்சிய பொழுதைப் பெட்டியைக் கேட்பதற்கன்றி இசையைக் கேட்பதற்குச் செலவிடலாம்.